பெயரை விட்டார், பேனாவை விடவில்லை

காசிக்குப் படிக்க வந்த நாம் கங்கையைக் கண்டோம், விசுவநாதரைத் தரிசித்தோம். நகரை அடுத்துள்ள லம்ஹி என்னும் சிற்றூரைக் கண்டவர் நம்மில் எத்தனை பேர்? இந்தியிலும் உருதுவிலும் சிறுகதையை வளர்த்த பிரேம்சந்த், 1880 ஜூலை 31-ஆம் நாள் பிறந்த ஊர் அது. பத்திரிகைக்கு அனுப்பிய என் கதை திரும்பி வந்து, இனி எழுதுவதில்லை என்று நான் சோர்ந்திருந்த நாளில், நண்பர் ஒருவர் என்னை அங்கே அழைத்துச் சென்றார். திரும்பியதும் பிரேம்சந்தின் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

தனபத் ராய் என்பது அவரது இயற்பெயர். தந்தை தபால் இலாகா குமாஸ்தா. இளமையிலேயே தாயை இழந்தார். கோரக்பூரில் படித்த காலத்தில் நாவல் வாங்கக் காசில்லை. புத்தகக் கடைக்காரரின் நோட்ஸ்களைப் பள்ளியில் விற்றுக் கொடுத்து, அதற்கு ஈடாகக் கடையிலிருந்த நாவல்களை வீட்டுக்கு எடுத்துச் சென்று படித்தார். உறவினர் ஒருவரைக் கேலி செய்து நாடகம் எழுதினார். அதைப் படித்த உறவினர் வீட்டை விட்டே போய்விட்டார். கையெழுத்துப் பிரதியும் அவரோடு மறைந்தது. முதல் எழுத்துக்குக் கிடைத்த பரிசு அதுதான்!

1908-இல் நவாப் ராய் என்ற பெயரில், தேசபக்தி ததும்பும் ஐந்து கதைகளை ‘சோஸே வதன்’ என்னும் உருது நூலாக வெளியிட்டார். ஹமீர்பூர் மாவட்டத்தில் பள்ளிகளை மேற்பார்வையிடும் உத்தியோகத்தில் இருந்தபோது கலெக்டர் அழைத்துக் கண்டித்தார். விற்காத பிரதிகள் தீக்கிரையாயின. இனி எதை எழுதினாலும் முன்னதாகக் காட்டி அனுமதி பெறவேண்டும் என்று உத்தரவாயிற்று. வேறொருவராயின் பேனாவை மூடியிருப்பார். அவரோ பெயரைத்தான் மாற்றினார். 1910-இல் பிரேம்சந்த் பிறந்தார்!

1921-இல் காந்தியடிகளின் அழைப்பை ஏற்று, குடும்பச் சுமையோடும் சர்க்கார் வேலையைத் துறந்தார். 1923-இல் காசியில் அச்சகம் வைத்தார். 1930-இல் ‘ஹம்ஸ்’ பத்திரிகையைத் தொடங்கினார். இரண்டும் கடனையே தந்தன. கடன் தீர்க்க 1934-இல் பம்பாய்ப் படவுலகுக்குப் போனார். மனம் ஒட்டாமல் மறு ஆண்டே திரும்பினார். உழவனின் துயரத்தைக் காவியமாக்கிய ‘கோதான்’ 1936-இல் வெளிவந்தது. அவ்வாண்டு அக்டோபர் 8-இல், 56-ஆம் வயதில், ‘மங்கள்சூத்ர’ என்ற நாவலை முடிக்காமலே மறைந்தார்.

தீயில் வெந்த நூலை மறந்து அடுத்த கதையைத் தொடங்கியவர் அவர். திரும்பி வந்த ஒரு கதைக்காகவா நான் ஓய்வது? பெட்டியிலிருந்து அதை எடுத்து மீண்டும் படித்தேன். குறை பத்திரிகையிடம் இல்லை, என் கதையிலேதான் இருந்தது. இப்போது திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறேன்.