மற்றவர் வலி தீர்க்கத் தன் நரம்பில் ஊசி போட்ட டாக்டர்

முழங்கால் மூட்டு மாற்று ஆபரேஷன் செய்துகொள்பவர்களுக்கு இன்று தொடை நரம்பின் அருகே மருந்து செலுத்துகிறார்கள். பல மணி நேரம் வலி அடங்கிக் கிடக்கிறது. இந்த முறைக்கு வழி வகுத்தவர், அமெரிக்க டாக்டர் வில்லியம் ஹால்ஸ்டெட்.

அதற்காக அவர் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல!

ஹால்ஸ்டெட் 1852-ல் நியூயார்க்கில் பணக்காரக் குடும்பத்தில் பிறந்தார். 1877-ல் டாக்டர் ஆனார். துணிச்சல்காரர். பிரசவத்துக்குப்பின் ரத்தம் கொட்டி உயிருக்குப் போராடிய தங்கைக்குத் தன் ரத்தத்தையே எடுத்து ஏற்றிக் காப்பாற்றினார்.

கொக்கைன் சோதனை

1884-ல் வியன்னா டாக்டர் கார்ல் கோலர், கொக்கைன் மருந்தைக் கண்ணில் விட்டால் வலி தெரியாது என்று கண்டுபிடித்தார். ஹால்ஸ்டெட் ஒரு படி மேலே போனார். உடலின் ஒரு பகுதியில் இருந்து மூளைக்கு வலியைக் கொண்டுபோவது நரம்பு. அந்த நரம்பின் அருகிலேயே ஊசி போட்டால் அந்தப் பகுதி முழுவதும் மரத்துப் போகும் அல்லவா?

தாடை நரம்பில் செய்து பார்த்தார். பலித்தது. ஆனால் சோதனைக்கு ஆளானவர்கள் அவரும் அவருடைய நண்பர்களும்தான். கொக்கைன் அடிமைப்படுத்தும் என்பது அப்போது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது.

1886-ல் மனநோய் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். அங்கே கொக்கைனுக்குப் பதிலாக மார்பின் கொடுத்தார்கள். ஒன்று போய் இன்னொன்று பிடித்துக்கொண்டது.

கைகொடுத்த நண்பர்

அவரைக் கைவிடாதவர், நண்பர் டாக்டர் வெல்ச். ஹால்ஸ்டெட்டை பால்டிமோருக்கு அழைத்து வந்து வேலை கொடுத்தார். 1890-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சைத் தலைமைப் பொறுப்பு கிடைத்தது.

ஆபரேஷன் அறையில் நர்ஸ் கரோலின் ஹாம்ப்டனின் கைகள் கிருமிநாசினியால் புண்ணாயின. அவருக்காக மெல்லிய ரப்பர் கையுறை செய்யச் சொன்னார். அந்தக் கையுறைதான் இன்று உலகெங்கும் டாக்டர்களின் கையில் இருக்கிறது. அந்த நர்ஸையே 1890-ல் மணந்தார்.

1922-ல் ஹால்ஸ்டெட் காலமானார். அவர் பெரிய பதவிக்கு வந்த பிறகும் மார்பின் பழக்கம் நீடித்தது என்ற ரகசியம், டாக்டர் ஆஸ்லரின் குறிப்புகள் 1969-ல் வெளிவந்தபோது உறுதியாயிற்று.

நரம்புக்குப் போடும் மருந்து இன்று கொக்கைன் அல்ல. 1957-ல் உருவான புபிவாக்கைன் போன்ற மருந்துகள் நீண்ட நேரம் வேலை செய்யும்; போதைப் பழக்கத்தை உண்டாக்குவதில்லை. இதனால் மூட்டு மாற்று நோயாளிகளுக்கு மார்பின் தேவையும் குறைகிறது.

ஹால்ஸ்டெட்டை விடாமல் பிடித்திருந்த மார்பினிடம் இருந்து, அவர் காட்டிய வழியே இன்று மற்றவர்களைக் காக்கிறது!