ஒளியில் காலத்தைத் தேடிய மக்ஸ்வெல்

மாணவர்களே, மின்காந்த அலைகளைக் கற்கும்போது மக்ஸ்வெல் என்ற பெயரை அறிந்திருப்பீர்கள். காலத்தை அளப்பதற்கும் அவர் ஒரு வழி காட்டினார் என்பதை உங்களில் பலர் அறிந்திருக்க மாட்டீர்கள்.

ஜேம்ஸ் கிளார்க் மக்ஸ்வெல் 1831 யூன் 13 ஆந் திகதி ஸ்கொட்லாந்தின் எடின்பரோ நகரில் பிறந்தார். எட்டு வயதில் தாயை இழந்தார். அவரது கிராமத்துப் பேச்சையும் உடையையும் கண்ட சக மாணவர்கள் அவரை மந்தபுத்திக்காரன் எனக் கேலி செய்தனர். அதே மாணவன் 14 வயதில் எழுதிய கணிதக் கட்டுரை 1846 இல் எடின்பரோ அரச கழகத்தில் வாசிக்கப்பட்டது.

கேம்பிரிட்ஜில் பட்டம் பெற்ற அவர் 1856 இல் அபர்தீனில் பேராசிரியரானார். 1860 இல் அங்கிருந்த இரு கல்லூரிகள் ஒன்றாக்கப்பட்டபோது பதவியை இழந்தார். எனினும் மனந்தளராது இலண்டன் கிங்ஸ் கல்லூரியில் பணியேற்றார். அங்கிருந்தபோதுதான், ஒளியும் ஒரு மின்காந்த அலையே என்ற முடிவை 1865 இல் வெளியிட்டார்.

அக்காலத்தில் மீற்றர் பூமியின் பருமனிலிருந்தும், செக்கன் பூமியின் சுழற்சியிலிருந்தும் பெறப்பட்டன. பூமி சுருங்கலாம், அதன் சுழற்சி மந்தமாகலாம். அப்போது நமது அளவுகள் என்னவாகும்? மக்ஸ்வெல் இதைச் சிந்தித்தார். ஒரு மூலகத்தின் அணுக்கள் எங்கும் எப்போதும் ஒரே தன்மையுடையவை. எனவே அவை வெளிவிடும் ஒளியின் அலைநீளத்தை நீளத்துக்கும், அவ்வொளியின் அதிர்வுக் காலத்தை நேரத்துக்கும் அலகாகக் கொள்ளலாம் என 1873 இல் எழுதினார்.

அதைச் செய்துகாட்டும் கருவி அன்று இருக்கவில்லை. 1879 நவம்பர் 5 ஆந் திகதி, தாயைக் கொண்டுசென்ற அதே புற்றுநோயால், 48 வயதில் மக்ஸ்வெல் காலமானார்.

அவரது எண்ணம் மட்டும் அழியவில்லை. 1955 இல் இங்கிலாந்தின் தேசிய பௌதிக ஆய்வுகூடத்தில் சீசியம் அணுக்கடிகாரம் இயங்கியது. 1960 இல் மீற்றர், கிறிப்தன் அணு வெளிவிடும் ஒளியின் அலைநீளத்தால் வரையறுக்கப்பட்டது. 1967 இல் செக்கன், சீசியம் அணுவுக்குரிய கதிர்ப்பின் 9,192,631,770 அதிர்வுகளின் காலமாயிற்று. ஆனால் அது நுண்ணலை; கண்ணுக்குத் தெரியும் ஒளியன்று. இன்றைய ஒளியியல் அணுக்கடிகாரங்களிலோ ஸ்ரோன்சியம் போன்ற அணுக்கள் மீது லேசர் ஒளி செலுத்தப்படுகிறது. அணுவுடன் இசையும்போது அவ்வொளி செக்கனுக்குச் சுமார் 429 இலட்சம் கோடி தடவை அதிர்கிறது. சென்ரிமீற்றர் கோடுகளை விட மில்லிமீற்றர் கோடுகள் உள்ள அடிமட்டம் திருத்தமாக அளப்பது போல, அதிர்வு கூடக்கூட நேரமும் திருத்தமாகிறது. இக்கடிகாரங்கள் பல நூறு கோடி ஆண்டுகள் ஓடினாலும் ஒரு செக்கன் பிசகாத அளவு திருத்தமானவை.

விடை எழுதும்போது கவனியுங்கள்: மக்ஸ்வெல் அணுக்கடிகாரத்தைக் கண்டுபிடித்தார் என எழுதுவது பிழை. அதற்கான எண்ணத்தை முன்னரே எடுத்துரைத்தவர் என எழுதுவதே சரி. தன் வாழ்நாளில் பயன் காணாத சரியான சிந்தனையும் வீண்போவதில்லை என்பதையே அவரது வாழ்க்கை நமக்குக் கற்பிக்கிறது.