வாரியலுக்கு மோட்டார் வைத்தவர்



காலையில முதல் பெல் அடிக்கதுக்கு முன்னால வகுப்புக்கு வந்து பாத்திருக்கீங்களா? நம்ம ஸ்கூலைத் தூத்து வாரும் அக்கா, முந்தானையை மூக்கோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, ஈர்க்கில் வாரியலால் பெஞ்சுக்கு அடியில் உள்ள புழுதியை எல்லாம் இழுத்துக்கொண்டு இருப்பாங்க. ஜன்னல் வழியா வெயில் விழுந்தா அறை முழுக்கத் தூசி பறப்பது தெரியும். போதாததுக்கு சாக்பீஸ் தூள். வராண்டாவில் வந்து நின்று அவங்க இருமுவது மூணு வகுப்பு தாண்டிக் கேட்கும்.

அந்த மாதிரி ஒரு இருமலில் இருந்துதான் வேக்குவம் கிளீனர் பிறந்தது. அதைச் செய்தவரும் ஒரு கடையைத் தூத்து வாரியவர்தான். பெயர் ஜேம்ஸ் முர்ரே ஸ்பேங்லர்.

1848 நவம்பர் 20-ல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் பிறந்தார். வாழ்ந்தது பிழைத்தது எல்லாம் ஒஹையோ மாநிலத்தில். அதே ஒஹையோவில் முந்தின வருசம் பிறந்தவர்தான் எடிசன். எடிசன் பெயர் நமக்கு மனப்பாடம். இவர் பெயர் நம்ம பாடப் புத்தகத்தில் இல்லை. கடையில் நிற்பது, பொருள் விற்பது என்று பல வேலை பார்த்தார். ஆனா மண்டைக்குள்ள எப்பவும் ஏதாவது ஒரு யந்திரம் ஓடிக்கொண்டே இருக்கும். 1887-ல் தானியம் அறுக்கும் யந்திரம், 1893-ல் புல்லை வாரி உலர்த்தும் கருவி, 1897-ல் மிதித்து ஓட்டும் ஒரு வண்டி, இதற்கெல்லாம் காப்புரிமை வாங்கினார். ஒன்றிலும் காசு பார்க்கவில்லை.

1907-ல், அறுபது வயசு நெருங்கும்போது, கேன்டன் என்ற ஊரில் ஒரு பெரிய ஜவுளி, சாமான் கடையில் தூத்து வாரும் வேலைக்குச் சேர்ந்தார். மூன்று காப்புரிமை வைத்திருந்தவர் கையில் வாரியல்! அதோடு அவருக்கு ஆஸ்துமா. நம்ம ஊரில் இழுப்பு என்போமே, அதேதான்.

இங்கே ஒரு விசயம் சொல்லணும். நம்ம வீட்டில் சிமெண்ட் தரை, புழுதி மேலாகத்தான் கிடக்கும். தண்ணி தெளிச்சுத் தூத்தினா அடங்கிவிடும். அவங்க ஊர் கடைகளில் தரை முழுக்கக் கம்பளம். புழுதி நூலுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும், தண்ணியும் தெளிக்க முடியாது. கம்பளம் தூத்துவதற்கென்று ஒரு தள்ளுவண்டி 1876-லேயே வந்திருந்தது. மெல்வில் பிஸ்ஸெல் என்பவர் செய்தது. தள்ளத் தள்ளச் சக்கரத்தோடு சேர்ந்து உருளை பிரஷ் சுற்றும், குப்பை பெட்டிக்குள் விழும். ஆனா பொடித்தூசி வெளியேதான் பறக்கும். ஸ்பேங்லர் தள்ளியதும் அப்படி ஒரு வண்டிதான். அதைத் தள்ளினாலே இருமல். வேலையை விட்டால் சோறு இல்லை. விடாவிட்டால் மூச்சு இல்லை.

அவர் என்ன செய்தார் தெரியுமா? ஒரு மின்விசிறியின் மோட்டாரைக் கழற்றினார். ஒரு சோப்புப் பெட்டி, வாரியல் கம்பு ஒன்று, வீட்டில் இருந்த தலையணை உறை. இதெல்லாம்தான் சாமான்! மோட்டார் விசிறியைச் சுற்றும். அதே மோட்டாரில் இருந்து ஒரு பெல்ட் முன்னால் இருக்கும் உருளை பிரஷுக்குப் போகும். நம்ம ஊர் ரைஸ் மில்லில் பெல்ட் ஓடுமே, அதன் குட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரஷ் சுற்றி நூலுக்குள் இருக்கும் புழுதியைக் கிளப்பிவிடும். அது மேலே பறக்கும் முன்னே விசிறி இழுத்துப் பின்னால் கட்டியிருக்கும் தலையணை உறைக்குள் தள்ளிவிடும். துணி வழியாகக் காற்று வெளியே போகும், புழுதி உள்ளேயே நிற்கும்.

தூசியை உறிஞ்சும் யந்திரம் அதுக்கு முன்னாலேயும் உண்டு. 1901-ல் லண்டனில் ஹூபர்ட் செசில் பூத் செய்தார். அது குதிரை இழுத்துவரும் பெரிய வண்டி. தெருவில் நிறுத்தி, ஜன்னல் வழியாகக் குழாயை உள்ளே விடணும். அதில் உறிஞ்சல் மட்டும் உண்டு. பிஸ்ஸெல் வண்டியில் பிரஷ் மட்டும் உண்டு. ரெண்டையும் ஒரே மோட்டாரில் கட்டி, ஒரு ஆள் தள்ளும்படி ஆக்கியதுதான் ஸ்பேங்லரின் சாமர்த்தியம். 1908 ஜூன் 2-ல் காப்புரிமை கிடைத்தது. எண் 889823.

வேலையை விட்டுவிட்டுக் கம்பெனி தொடங்கினார். மகனும் மகளும் கூட வேலை செய்தார்கள். வாரத்துக்கு ரெண்டு மூணு யந்திரம்தான் முடியும். பணம் தட்டியது. அப்போது சூசன் ஹூவர் என்ற அம்மாவுக்கு யந்திரம் ரொம்பப் பிடித்துப்போனது. அவங்க வீட்டுக்காரர் வில்லியம் ஹூவர் குதிரைக்குச் சேணம் முதலான தோல் சாமான் செய்யும் முதலாளி. ஊரில் கார் வர ஆரம்பித்துவிட்டதால், இனி சேணம் யார் வாங்குவார் என்ற கவலை அவருக்கு. 1908-லேயே காப்புரிமையை வாங்கி, தோல் பட்டறையின் ஒரு மூலையில் யந்திரம் செய்ய ஆரம்பித்தார். பத்து நாள் வீட்டில் வைத்து ஓசியில் ஓட்டிப் பார்க்கலாம் என்று பத்திரிகையில் விளம்பரமும் கொடுத்தார். நல்லா விற்றது.

பெயர் மட்டும் ஹூவருக்குப் போனது. நாம நகல் எடுப்பதை செராக்ஸ் என்கிற மாதிரி, இங்கிலாந்தில் இந்த யந்திரத்தால் தூத்துவதற்கே ஹூவர் என்றுதான் பெயர். ஹூவர் ஏமாற்றிவிட்டார் என்று சொல்ல முடியாது. ஸ்பேங்லரை வேலையிலும் வைத்துக்கொண்டார், பங்குப் பணமும் கொடுத்தார். இருந்தாலும் எனக்கு இதில் வருத்தம் உண்டு.

நம்ம தமிழ்நாட்டிலேயே ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016-ல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்ததே, அங்கே பலகைகளில் படியும் புழுதியைத் துடைக்க ரோபோக்கள் வைத்தார்கள். ஆள் தள்ளவே வேண்டாம்.

ஸ்பேங்லர் 1915 ஜனவரியில், 66 வயதில் இறந்தார். வாழ்க்கையிலேயே முதல் தடவையாக லீவு எடுத்து வெளியூர் கிளம்ப இருந்தார். அதுக்கு முந்தின ராத்திரி உயிர் போய்விட்டது.

இதை எழுதுவதற்கு முன்னால் நம்ம அக்காவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். வாரியலைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுக் கேட்டாங்க. யந்திரம் எப்படி ஓடும் என்றெல்லாம் அவங்க கேட்கவில்லை. அந்த மனுசன் வீட்டுக்குக் கடைசியில் பைசா கெடச்சுதா என்றுதான் கேட்டாங்க. 1925-ல் காப்புரிமை முடியும் வரைக்கும் குடும்பத்துக்குப் பங்கு போய்க்கொண்டு இருந்தது என்று சொன்னேன். சரி மக்களே என்று தலையை ஆட்டிவிட்டு, வாரியலை எடுத்துக்கொண்டு அடுத்த வகுப்புக்குப் போனாங்க.