தாயும் மகளும் அணிந்த சீருடை

படிக்கும்முன்: உங்கள் தாயோ பாட்டியோ பள்ளி நாளில் சாரணியராக இருந்ததுண்டா என்று வீட்டில் கேட்டறிந்து வருக. உலகப் படம் ஒன்றையும் அருகில் வைத்துக்கொள்க. இப்பாடத்தில் வரும் ஊர்களை அதில் குறிக்க வேண்டியிருக்கும்.

ஆண்டுதோறும் பிப்ரவரித் திங்கள் 22ஆம் நாள், நம் பள்ளிகளில் காலை வழிபாட்டின்போது சாரணர், சாரணியர், புல்புல் பிள்ளைகள் யாவரும் சீருடையில் அணிவகுத்து நிற்பர். அந்நாளுக்குச் சிந்தனை நாள் என்று பெயர். பிற நாடுகளில் உள்ள சாரணியரை ஒருவரையொருவர் எண்ணிப் பார்ப்பதற்கென்று, 1926இல் அமெரிக்காவில் கூடிய உலக மாநாடு அந்நாளைத் தேர்ந்தெடுத்தது. ஏன் அந்நாள்? சாரணர் இயக்கத்தைத் தோற்றுவித்த ராபர்ட் பேடன் பவல் பிறந்தது 1857ஆம் ஆண்டு பிப்ரவரி 22. அவருடைய துணைவியார் ஒலாவ் அம்மையார் பிறந்தது 1889ஆம் ஆண்டு பிப்ரவரி 22. பேடன் பவலின் படத்தைச் சாரணர் அறையில் பார்க்காத மாணவர் இரார். அவரோடு படத்தில் நிற்கும் பெண்மணி யார் என்று கேட்டாலோ பலர் விழிப்பர். இப்பாடம் அப்பெண்மணியைப் பற்றியது.

ஒலாவ், இங்கிலாந்தில் செஸ்டர்ஃபீல்டு என்னும் ஊருக்கு அருகே பிறந்தார். ஒரு தமக்கை, ஒரு தமையன், இவரே கடைக்குட்டி. குடும்பம் செல்வக் குடும்பம். ஆனால் தந்தையார் ஓரிடத்தில் நிலைத்து வாழும் இயல்பினர் அல்லர். ஒரு வீட்டில் சில காலம் வாழ்வார். பின்னர் வேறோர் ஊர், வேறொரு வீடு. திருமணத்திற்கு முன் இருபத்து மூன்று ஆண்டுகளில் ஒலாவ் பதினேழு வீடுகளில் வாழ்ந்தார். பெற்றோரின் பணி மாற்றலால் ஊர் விட்டு ஊர் செல்லும் உங்களுக்கு அதன் பொருள் நன்கு விளங்கும். புதிய வீட்டில் பெட்டியைத் திறக்கும்போதே அடுத்த ஊரை எண்ணும் வாழ்க்கை அது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. உங்களுக்கு ஊர் மாறினாலும் பள்ளி உண்டு. புதிய வகுப்பில் புதிய தோழியர் கிடைப்பர். ஒலாவ் பள்ளிக்கே சென்றதில்லை. வீட்டிலேயே ஆசிரியைமார் கற்பித்தனர். டென்னிசு ஆடினார், நீந்தினார், படகு ஓட்டினார், வயலின் வாசித்தார். இவ்வளவு இருந்தும், தம் வயதுப் பெண்களோடு ஒரு குழுவில் சேர்ந்து எதையும் செய்யும் வாய்ப்பு அவருக்குச் சிறுமிப் பருவத்தில் வாய்க்கவில்லை.

அவர் சிறுமியாய் இருந்த காலத்தில் சாரணியர் இயக்கமும் இல்லை. 1909இல் இலண்டன் நகரின் படிக மாளிகைத் திடலில் சாரணச் சிறுவர்கள் பெருந்திரளாகக் கூடியபோது, தாமே தைத்த சீருடையோடு சில சிறுமியரும் அங்கே வந்து நின்றனர். தங்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பது அவர்களின் கோரிக்கை. அழையாமல் வந்த அச்சிறுமியரின் துணிவினால்தான் 1910இல் சாரணியர் இயக்கம் தனியே தோன்றியது. பேடன் பவலின் தங்கை ஆக்னசு அம்மையார் அதனை முதலில் நடத்தினார். அப்போது ஒலாவிற்கு வயது இருபத்தொன்று.

1912ஆம் ஆண்டு சனவரியில் தந்தையுடன் ஆர்க்கேடியன் என்னும் கப்பலில் மேற்கிந்தியத் தீவுகளை நோக்கிப் பயணம் செய்தபோது, அதே கப்பலில் சென்ற பேடன் பவலை ஒலாவ் சந்தித்தார். அவ்வாண்டு அக்டோபர் 30ஆம் நாள் அவர்களின் திருமணம் ஆரவாரமின்றி நடந்தேறியது. இருவருக்கும் இடையே முப்பத்திரண்டு ஆண்டு வயது வேறுபாடு. இங்கிலாந்தின் சாரணச் சிறுவர்கள் ஆளுக்கு ஒரு பென்னி சேர்த்து, அத்தொகையில் மணமக்களுக்கு ஒரு மோட்டார் வண்டி வாங்கிக் கொடுத்தனர். பென்னி என்பது அந்நாட்டின் மிகச் சிறிய நாணயங்களுள் ஒன்று. அந்த நாணயம் இக்கதையில் மீண்டும் வரும்.

1913இல் பீட்டர் என்னும் மகன் பிறந்தான். 1914இல் ஒலாவ் சாரணியர் இயக்கத்தில் பணியாற்ற விரும்பித் தம்மைச் சேர்த்துக்கொள்ளுமாறு கேட்டார். இயக்கத்தார் ஏற்கவில்லை. வயது மிகக் குறைவு என்பது அவர்கள் கருத்து. நிறுவனரின் மனைவி என்பதற்காக இடம் கொடுத்துவிடவில்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். முதுபெண்டிர் பலர் இருந்த அவையில் இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்கு என்ன தெரியும் என்று அவர்கள் எண்ணியிருக்கலாம்.

அதே ஆண்டில் முதல் உலகப் போர் மூண்டது. 1915 சூன் திங்களில் ஹெதர் என்னும் மகள் பிறந்தாள். குழந்தைக்கு ஐந்து மாதம் நிறையாத நிலையில், அவளையும் பீட்டரையும் தம் பெற்றோரிடம் விட்டுவிட்டு, ஒலாவ் பிரான்சு நாட்டின் கலே துறைமுகத்திற்குச் சென்றார். போர்முனையிலிருந்து ஓய்வுக்கு வரும் வீரர்களுக்கென அங்கே அமைந்த கூடம் ஒன்றில், தேநீர் வழங்கியும் பேச்சுத் துணையாய் இருந்தும் சில மாதங்கள் தொண்டு செய்தார். கைக்குழந்தையை விட்டுச் சென்றது சரியா என்னும் கேள்வி எழாமல் இராது. வகுப்பில் இருபுறமும் நின்று பேசிப் பாருங்கள். தாயின் கடமையும் நாட்டின் நெருக்கடியும் எதிரெதிரே நின்ற வேளை அது. அவர் ஒன்றைத் தேர்ந்தார். அதற்குரிய விலையையும் செலுத்தினார் என்பது மட்டும் உறுதி.

ஊர் திரும்பியபின், 1916இல் சசெக்சு மாவட்டச் சாரணியருக்கு ஆணையராக அவர் பொறுப்பேற்றார். இம்முறை எவரும் மறுக்கவில்லை. ஊர் ஊராகச் சென்று பெண்களைத் திரட்டினார். பயிற்சியளிக்கத் தக்கவர்களைத் தேடிப் பிடித்தார். அவர் காட்டிய வேகத்தைக் கண்ட இயக்கம் 1918இல் அவரைத் தலைமைச் சாரணியராக ஏற்றுக்கொண்டது. இளையவர் என்று விலக்கப்பட்டவர் நான்கே ஆண்டுகளில் தலைமைக்கு வந்தார். இடையில் 1917 ஏப்ரலில் இளைய மகள் பிறந்தாள். அவள் பெயர் பெட்டி. தமிழில் எழுதினால் பொருள் வைக்கும் பெட்டி போலத் தோன்றும். ஆங்கிலப் பெயரை ஒலிக்குமாறு முதலெழுத்தை மென்மையாக ஒலித்துப் படிக்க.

1919 முதல் அக்குடும்பம் ஹாம்ப்ஷயரில் பாக்சு ஹில் என்னும் இல்லத்தில் வாழ்ந்தது. பாக்சு என்னும் இலத்தீன் சொல்லுக்கு அமைதி என்று பொருள். போர் ஓய்ந்த காலத்தில் கண்டெடுத்த வீட்டுக்கு அப்பெயரே பொருந்தியது. அவ்வாண்டிலேயே ஒலாவின் தமக்கை மறைந்தார். அவருடைய பெண்மக்கள் மூவரையும் ஒலாவ் தம் வீட்டுக்கு அழைத்துக்கொண்டார். ஆகவே அவ்வீட்டில் ஆறு பிள்ளைகள்; அவர்களுள் ஐவர் பெண்கள். பேடன் பவல் குளிர்காலத்திலும் திறந்த மாடத்தில் உறங்கும் வழக்கமுடையவர். நடை, தோட்டவேலை, விலங்கு பறவைகளை உற்று நோக்கல் ஆகியவை அவர்தம் அன்றாட வாழ்வு. நீங்கள் சாரணியர் வகுப்பில் பாடமாகக் கற்பது ஹெதருக்கும் பெட்டிக்கும் வீட்டு வழக்கமாக இருந்தது. தாய்க்குச் சிறுமிப் பருவத்தில் கிட்டாதது மகளிர்க்குத் தொட்டிலிலிருந்தே கிட்டியது.

எனினும் அவர்கள் தம் தாயைப் பல்லாயிரம் பெண்பிள்ளைகளோடு பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. 1921ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பேடன் பவலும் ஒலாவும் இந்தியாவிற்கு வந்தபோது பெட்டிக்கு நான்கு வயது நிறையவில்லை. இந்தியாவில் முதல் சாரணியர் குழு 1911இலேயே சபல்பூரில் தொடங்கியிருந்தது. சென்னையில் அன்னி பெசன்ட் அம்மையார் இந்தியச் சிறுவர்களுக்கெனத் தனியே ஒரு சாரணர் அமைப்பை நடத்தி வந்தார்; அது இவ்வருகையின்போது பேடன் பவலின் இயக்கத்தோடு இணைந்தது. இங்கே இவ்வளவும் நடக்கையில், அங்கே சிறு பெண் ஒருத்தி தாய் திரும்பும் நாளை எதிர்நோக்கியிருந்தாள் என்பதையும் நாம் மறத்தலாகாது.

மகளிர் வளர்ந்தபின் நிலைமை மாறியது. பெற்றோர் சென்ற இடங்களுக்கு அவர்களும் உடன் சென்றனர். 1934 இறுதியில் ஆத்திரேலியாவின் மெல்பர்ன் நகருக்கு அருகே நடந்த பெருந்திரள் முகாமுக்கு நால்வரும் ஒன்றாகவே பயணம் செய்தனர். தாயும் மகளிரும் ஒரே சீருடையில், ஒரே கூடாரத் திடலில் நின்ற காலம் அது. ஒலாவ் 1930இல் உலகத் தலைமைச் சாரணியராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார். அப்பதவியை அவருக்குப் பின் எவருக்கும் வழங்கவில்லை.

இனி, அந்தப் பென்னி. 1932இல் போலந்து நாட்டில் கூடிய உலக மாநாட்டில் பெல்ஜியத்துப் பேராளர் ஒருவர் ஒரு கருத்தை முன்வைத்தார். பிறந்தநாளுக்குப் பரிசு கொடுப்பது வழக்கம். ஆகவே சிந்தனை நாளில் ஒவ்வொரு சாரணியும் ஒரு சிறு காசு கொடுத்தால், உலகெங்கும் இயக்கத்தை வளர்க்கலாம் என்பது அக்கருத்து. ஒலாவ் அவ்வாண்டே சாரணியர் அனைவருக்கும் கடிதம் எழுதி, ஆளுக்கு ஒரு பென்னி வேண்டினார். திருமணத்தின்போது சிறுவர்கள் கொடுத்த பென்னி மோட்டார் வண்டியாக மாறியதல்லவா? இந்தப் பென்னி ஆண்டுதோறும் வந்துகொண்டே இருக்கிறது.

1936இல் பெட்டிக்குத் திருமணம் நிகழ்ந்தது. மணமகன் செர்வசு கிளே. அக்காலத்தில் வடக்கு உரோடீசியா எனப்பட்ட, இன்றைய சாம்பியா நாட்டில் அரசுப் பணியாற்றியவர். இங்கே ஒரு வியப்பு. பெட்டியும் செர்வசும் பிறந்தது ஏப்ரல் 16ஆம் நாளே. தாய்க்கும் தந்தைக்கும் ஒரே பிறந்தநாள். மகளுக்கும் மருமகனுக்கும் ஒரே பிறந்தநாள். கதையில் எழுதினால் நம்பமாட்டோம்!

பெட்டி ஆப்பிரிக்காவில் ஏறத்தாழ இருபத்தெட்டு ஆண்டுகள் வாழ்ந்தார். கணவரின் பணி மாற்றலுக்கேற்ப ஊர் ஊராகப் பெயர்ந்தார்; ஒரு மகளையும் மூன்று மகன்களையும் வளர்த்தார்; அங்கும் சாரணியர் பணியை விடவில்லை. அவரைச் செய்யுமாறு பணிக்க அங்கே தாய் அருகில் இல்லை. தம் தாயைத் தம்மிடமிருந்து அவ்வப்போது பிரித்துச் சென்ற இயக்கத்தையே அவர் தாமாகத் தேர்ந்துகொண்டார். எனக்கு இவ்வாழ்க்கை வரலாற்றில் மிகவும் பிடித்த பகுதி இதுவே. 1964இல் இங்கிலாந்துக்குத் திரும்பிய பின்னரும் தென்மேற்குப் பகுதிச் சாரணியருக்குத் தலைவராக விளங்கினார். 2004இல் மறையும்வரை அவ்விணைப்பு அறவில்லை.

தாயின் கதைக்குத் திரும்புவோம். 1938இல் முதுமையின் காரணமாகப் பேடன் பவலும் ஒலாவும் கென்யா நாட்டின் நியேரியில் சிறு வீடொன்றில் குடியேறினர். 1941 சனவரி 8ஆம் நாள் பேடன் பவல் அங்கே காலமானார். அப்போது ஒலாவிற்கு ஐம்பத்தோரு வயது. அடுத்த ஆண்டு, போர் நடந்துகொண்டிருந்த கடல்வழியே இங்கிலாந்து திரும்பினார். பாக்சு ஹில் இல்லம் கனடா நாட்டுப் படையினர் வசம் இருந்தது. எனவே வேறிடத்தில் தங்கிப் பணியைத் தொடர்ந்தார். பதினேழு வீடுகள் கண்டவருக்கு இது புதிதன்று. வாழ்நாளில் அவர் சென்ற நாடுகள் 111. 1962இல் மகன் பீட்டர் இறந்தார். அத்துயருக்குப் பின்னும் பயணங்கள் நிற்கவில்லை.

1966 அக்டோபர் 16ஆம் நாள், தம் எழுபத்தேழாம் வயதில், ஒலாவ் புனே நகரில் சாரணியரின் உலக மையம் ஒன்றைத் திறந்து வைத்தார். அதன் பெயர் சங்கம். ஒன்றுகூடல் என்பது அதன் பொருள். மதுரைச் சங்கத்தைப் பற்றிப் படிக்கும் நமக்கு அச்சொல் அயலதன்று. புனேயிலும் அதன் சுற்றுப்புறத்திலும் படிக்கும் மாணவியர் பலர் அங்கே முகாமுக்குச் சென்று வந்திருப்பர். மற்றவர்கள் படத்தில் குறித்து வைத்துக்கொள்க.

1970இல் நீரிழிவு நோய் கண்டமையால் அவர் பயணங்கள் முடிவுற்றன. 1977 சூன் 25ஆம் நாள் இங்கிலாந்தில் உயிர் நீத்தார். அவருடைய சாம்பல் கென்யாவிற்கு எடுத்துச் செல்லப்பட்டு, நியேரியில் கணவரின் கல்லறையிலேயே வைக்கப்பட்டது. அக்கல்லில் ஒரு வட்டமும் அதன் நடுவே ஒரு புள்ளியும் செதுக்கப்பட்டுள்ளன. தடம் அறியும் குறிகளில் அதனை நீங்கள் மணலில் வரைந்து பழகியிருப்பீர்கள். வீட்டுக்குத் திரும்பிவிட்டேன் என்பது அக்குறியின் பொருள்.