தாய்மாரைக் காத்த தகைமையாளர்

இக்னாசு செம்மல்வைசு என்பார் 1818ஆம் ஆண்டில் அங்கேரி நாட்டுப் பூடா நகரில் பிறந்தார். மருத்துவம் கற்றுத் தேர்ந்து, 1846இல் வியன்னாப் பொது மருத்துவமனையின் மகப்பேற்றுப் பகுதியில் துணை மருத்துவராய் அமர்ந்தார். அங்கு இரு பிரிவுகள் இருந்தன. மருத்துவச்சியர் பயின்ற பிரிவினும் மருத்துவ மாணவர் பயின்ற பிரிவில் தாய்மார் பலர் காய்ச்சலுற்று மாண்டனர். அப்பிரிவில் தம்மைச் சேர்க்க வேண்டாவெனக் கருவுற்ற மகளிர் அழுது இரந்தனர். செம்மல்வைசு இறப்புக் கணக்குகளை ஒப்பிட்டு ஆராய்ந்தார், காரணம் புலப்படவில்லை.

1847இல் அவர்தம் நண்பர் கொலெச்சுக்கா, பிணவாய்வின்போது கத்தி கீறியதனால் அத்தாய்மாரைப் போன்றே நோயுற்று இறந்தார். துயரிடையே உண்மை தோன்றிற்று. பிணம் அறுத்த கைகளே தாய்மாருக்கு நஞ்சைக் கொணர்ந்தன! அவற்றுள் தம் கையும் ஒன்றென்பதை அவர் மறைத்தாரல்லர். குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் அனைவரும் கைகழுவ ஆணையிட்டார். அவ்வாண்டு ஏப்பிரலில் நூற்றுக்கு 18 ஆக இருந்த இறப்பு, சூனில் ஏறத்தாழ 2 ஆகக் குறைந்தது.

ஆயினும், தம் கையே எமனாயிற்று என்பதை ஒப்ப மருத்துவர் பலர் மனங்கொள்ளவில்லை. பதவி நீங்கித் தாயகம் திரும்பிய செம்மல்வைசு, 1861இல் தம் ஆய்வை நூலாக்கினார், எள்ளலே எதிர்வந்தது. 1865இல் மனநோய் விடுதியில், புண் நஞ்சேறி உயிர்நீத்தார். பின்னர்க் கிருமிகளின் இயல்பு வெளிப்படவே, அவர் கூற்று மெய்யென உலகம் உணர்ந்தது. பிழையை மறைப்போர் அதனைப் பெருக்குவர். ஒப்புவோரே அதனைக் களைவர் என்பதற்கு அவர் வாழ்வே சான்றாகும்.