குழந்தைகளைத் தெருவுக்கு அனுப்பிய சட்டங்கள்: சார்லட் மக்சேக்கேயின் வாழ்க்கை

ஆப்பிரிக்கக் குழந்தை என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது ஒரு விளம்பரப் படம். உப்பிய வயிறு, ஈ மொய்க்கும் கண்கள், கீழே நன்கொடை அனுப்ப வேண்டிய கணக்கு எண். அந்தப் படத்தில் குழந்தையின் தாய் இருப்பதில்லை. தந்தை எந்தச் சுரங்கத்தில், யாருடைய கூலியாக இருக்கிறார் என்ற செய்தியும் இருப்பதில்லை. உணவு கொடுக்கும் கை மட்டும் எப்போதும் வெளியிலிருந்து வருகிறது. ஏறத்தாழ நூறாண்டுகளுக்கு முன், ஜோகன்னஸ்பர்க் நகரின் நீதிமன்றத்தில் இத்தகைய குழந்தைகளுக்காக நின்றவரோ அதே மண்ணின் கறுப்பினப் பெண். அவர் சார்லட் மக்சேக்கே. தென்னாப்பிரிக்கக் கறுப்பினப் பெண்களில் முதல் பட்டதாரி. தமிழில் அவரைப் பற்றிப் போதுமான அளவு எழுதப்படவில்லை.

சார்லட் மக்கோமோ மன்யே 1870களின் தொடக்கத்தில் பிறந்தார். தந்தை சாலைப் பணியில் மேற்பார்வையாளர். பிரெஸ்பிட்டேரியன் சபையில் உபதேசம் செய்தவர். தாய் ஆசிரியை. வைரம் கிடைத்த கிம்பர்லி நகரத்துக்குக் குடும்பம் இடம்பெயர்ந்தது. சார்லட்டும் அங்கேயே ஆசிரியையானார். பல மொழிகள் அறிந்தவர். நல்ல குரல் உடையவர். அந்தக் குரல்தான் அவரைக் கடல் கடக்க வைத்தது.

1891இல் ஆப்பிரிக்க ஜூபிலி பாடகர் குழு இங்கிலாந்துக்குப் புறப்பட்டது. சார்லட்டும் அவருடைய தங்கை கேட்டியும் அதில் இருந்தனர். ஆப்பிரிக்கர்களுக்கான ஒரு தொழிற்பள்ளிக்கு நிதி திரட்டுவதே பயணத்தின் நோக்கம் என்று அறிவிக்கப்பட்டிருந்தது. மேடையில் என்ன நடந்தது என்பதைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். நிகழ்ச்சியின் ஒரு பாதியில் பாடகர்கள் விலங்குத் தோலும் மணிகளும் அணிந்து நின்றனர். மறு பாதியில் ஐரோப்பிய உடையில் தோன்றினர். காட்டுமிராண்டி எப்படி நாகரிகம் பெற்றான் என்ற கதையை ஒரே மாலைப் பொழுதில் கண்டு மகிழ்ந்து, அதற்குக் காசும் கொடுத்துச் சென்றது கூட்டம். கிம்பர்லியில் நாள்தோறும் பாடம் நடத்திய ஆசிரியை, லண்டன் மேடையில் தன்னையே வேடிக்கைப் பொருளாக நிறுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. விக்டோரியா அரசியின் முன்னிலையிலும் அக்குழு பாடியது. தொழிற்பள்ளி மட்டும் வரவில்லை. தானம் பெறுபவர் முதலில் தம் இழிநிலையை அரங்கேற்றிக் காட்டியாக வேண்டும் என்ற விதி அன்றும் இருந்தது. இன்றைய விளம்பரப் படத்திலும் இருக்கிறது.

அடுத்த பயணம் அமெரிக்காவுக்கு. அங்கே குழுவை அழைத்துச் சென்றவர்கள் ஓஹையோ மாநிலத்தில் பாடகர்களை நடுத்தெருவில் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். கைவிடப்பட்டவர்களுக்குக் கை கொடுத்தது ஆப்பிரிக்க மெதடிஸ்ட் எபிஸ்கோப்பல் திருச்சபை. பிலடெல்ஃபியாவின் வெள்ளையர் தேவாலயத்தில் தமக்குத் தனி இடம் ஒதுக்கப்பட்டதை ஏற்காமல் வெளியேறிய கறுப்பின மக்கள் 1816இல் கட்டிய சபை அது. தேவாலயத்தில் தனி இருக்கை என்றால் என்ன என்பதை நம் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அச்சபைக்குச் சொந்தமான வில்பர்ஃபோர்ஸ் பல்கலைக்கழகத்தில் சார்லட்டுக்கு இடம் கிடைத்தது. டபிள்யூ.இ.பி. டு பாய்ஸ் அங்கே ஆசிரியராக இருந்த காலம் அது. சார்லட் அவரிடம் பயின்றார்.

அமெரிக்காவிலிருந்து தங்கைக்கு அவர் எழுதிய ஒரு கடிதம் சபையின் பெயர் அச்சிடப்பட்ட தாளில் இருந்தது. வெள்ளை மிஷனரிகளின் பாகுபாட்டைப் பொறுக்காமல் 1892இல் பிரிட்டோரியாவில் எத்தியோப்பியச் சபையைத் தொடங்கியிருந்த மங்கேனா மொகோனேயின் கண்ணில் அக்கடிதம் பட்டது. கறுப்பர்களே ஆயர்களாகவும் பல்கலைக்கழக உரிமையாளர்களாகவும் இருக்கும் ஒரு சபை உலகில் உண்டு என்பதே அவருக்குப் பெருஞ்செய்தி. 1896இல் இரு சபைகளும் இணைந்தன. ஒரு மாணவியின் குடும்பக் கடிதம் இரு கண்டங்களின் ஒடுக்கப்பட்ட மக்களை இணைத்த வரலாறு இது.

1901இல் அறிவியல் பட்டத்துடன் நாடு திரும்பினார். வில்பர்ஃபோர்சில் படித்த மார்ஷல் மக்சேக்கேயை மணந்தார். இருவரும் கிராமங்களில் பள்ளிகள் தொடங்கினர். சில பணமின்றி நின்றுபோயின. ஜோகன்னஸ்பர்க்குக்குத் தெற்கே எவாட்டனில் உருவான வில்பர்ஃபோர்ஸ் கல்வி நிலையம் நிலைத்தது. அமெரிக்கக் கறுப்பினப் பெண்களின் மிஷன் சங்கம் ஒன்று, விவிலியத்தில் வரும் ஏழை விதவையின் இரண்டு காசுகளைத் தன் பெயரிலேயே தாங்கியிருந்தது. அடிமைத்தளையிலிருந்து விடுபட்டு ஒரு தலைமுறையே கடந்திருந்த பெண்கள், சலவைக் கூலியிலும் சமையல் கூலியிலும் மிச்சம் பிடித்த சில்லறையில் நடத்திய சங்கம். அதை ஜோகன்னஸ்பர்க்கில் அமைத்தவர் சார்லட். இதுவும் தானம்தான். ஆனால் கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே காயத்தை உடையவர்கள். யாரும் யார் முன்னும் தோல் உடுத்தி நிற்க வேண்டியதில்லை.

அன்றைய தென்னாப்பிரிக்காவில் கறுப்பினக் குடும்பங்கள் எப்படிச் சிதைக்கப்பட்டன என்பதை அறியாமல் சார்லட்டின் பிற்காலப் பணியைப் புரிந்துகொள்ள முடியாது. 1886இல் விட்வாட்டர்ஸ்ராண்ட் பகுதியில் தங்கம் கிடைத்தது. சுரங்கங்களுக்கு மலிவான ஆட்கள் தேவைப்பட்டனர். குடிசைக்கு வரி, தலைக்கு வரி என்று பணமாகக் கட்டும்படி விதித்தால் உழவன் கூலி தேடி வந்தே தீர வேண்டும். 1913ஆம் ஆண்டின் நிலச் சட்டம் பெரும்பான்மை மக்களுக்கு நாட்டின் நிலத்தில் ஏறத்தாழ 7 விழுக்காட்டை மட்டும் விட்டுவைத்தது. ஆண்கள் சுரங்க முகாம்களுக்குப் போயினர். அங்கே மனைவிக்கும் பிள்ளைக்கும் இடமில்லை. நகருக்குள் நடமாடவும் வேலை தேடவும் அனுமதிச் சீட்டு வேண்டும். மக்கள் அதைப் பாஸ் என்றே அழைத்தனர்.

ஆரஞ்சு ஃப்ரீ ஸ்டேட் மாகாணத்தில் பெண்களும் அச்சீட்டைச் சுமக்க வேண்டியிருந்தது. 1912இல் அங்குள்ள பெண்கள் ஏறத்தாழ 5,000 கையொப்பங்களுடன் அரசிடம் முறையிட்டனர். பயனில்லை. 1913இல் புளூம்ஃபொன்டெய்ன் நகரில் சீட்டுகளைத் தூக்கியெறிந்து ஊர்வலம் சென்றனர். அபராதம் கட்ட மறுத்துச் சிறைக்குப் போயினர். அதே 1913இன் இறுதியில்தான் இந்தியர்களின் சத்தியாகிரகத்தில் தில்லையாடி வள்ளியம்மை சிறை சென்றார். தமிழ்ப் பாடநூல்கள் வள்ளியம்மையை நினைவில் வைத்திருக்கின்றன, அது நியாயமே. அதே நாட்டில், அதே ஆண்டில், அதற்குச் சில மாதங்கள் முன்னரே சிறை சென்ற கறுப்பினப் பெண்கள் நம் பாடநூல்களில் எங்கும் இல்லை. அவ்விரு போராட்டங்களும் ஒன்று சேரவுமில்லை.

1912இல் தோன்றி, பின்னாளில் ஆப்பிரிக்க தேசிய காங்கிரசாக மாறிய அமைப்பில் பெண்களுக்கு முழு உறுப்பினர் உரிமை தரப்படவில்லை. 1918இல் பாண்டு மகளிர் சங்கம் உருவானது. சார்லட் அதன் தலைவர். அன்று கறுப்பின மக்களைப் பாண்டு என்ற சொல்லால் குறித்தனர். பெண்கள் மீதான பாஸ் குறித்துப் பிரதமர் லூயி போத்தாவை நேரில் சந்தித்து வாதிட்ட தூதுக்குழுவுக்கு அவரே தலைமை தாங்கினார்.

1920களில் அவர் ஜோகன்னஸ்பர்க்கில் ஆப்பிரிக்கர்களுக்காக ஒரு வேலைவாய்ப்பு நிலையத்தை நடத்தினார். பின்னர் நீதிமன்றத்தில் சிறாருக்கான நன்னடத்தை அலுவலராக அமர்த்தப்பட்டார். அப்பதவிக்கு வந்த முதல் கறுப்பினப் பெண் அவரே. வழக்குக்குக் கொண்டுவரப்படும் சிறுவனின் வீட்டுச் சூழலை விசாரித்து, அவனைச் சிறைக்கோ சீர்திருத்தப் பள்ளிக்கோ அனுப்பாமல் காக்க வழியுண்டா என்று பார்ப்பது இத்தகைய அலுவலரின் வேலை. சட்டம் அவர் முன் ஒரு குழந்தையை நிறுத்தியது. அவர் அக்குழந்தையின் பின்னால் இருந்த சட்டத்தைப் பார்த்தார்.

1930இல் ஃபோர்ட் ஹேர் கல்லூரியில், வெள்ளை மாணவர்களும் கறுப்பின மாணவர்களும் கூடிய கிறித்தவ மாநாட்டில் அவர் ஆற்றிய உரை இப்பார்வையின் முழு வடிவம். கறுப்பினக் குழந்தைகள் ஏன் குற்றம் புரிகிறார்கள் என்பதற்கு அன்றைய நல்லெண்ண வெள்ளையர்களிடம் ஆயத்தமான விடைகள் இருந்தன: குடி, ஒழுக்கக் குறைவு, பெற்றோரின் பொறுப்பின்மை. சார்லட் வேறொரு வரிசையில் விளக்கினார். நாட்டுப்புறத்திலிருந்து புதிதாக நகருக்கு வருபவனுக்கு வேலை தேட ஆறு நாள் அனுமதி. விதியே தெரியாமல் மீறினால் சிறை. விதி தெரிந்து, சீட்டைப் புதுப்பித்துக்கொண்டே வந்தாலும் மூன்றாம் முறையோ நான்காம் முறையோ சிறை. வேலை கிடைக்கவில்லை என்பதே குற்றம். கணவனைத் தேடி நகருக்கு வரும் மனைவிக்குத் தங்க அறை இல்லை. கறுப்பினக் குடியிருப்பின் கண்காணிப்பாளர் மணமானவர்களுக்கே அறை தருவார். ஆகவே அறைக்காகப் பெண் ஓர் ஆணைத் தேடுகிறாள். ஆண் ஒரு பெண்ணைத் தேடுகிறான். ஒழுக்கம் கெட்டது என்று பிறகு அதிகாரிகள் அறிக்கை எழுதுகிறார்கள். இப்படி அமைந்த வீடுகளிலிருந்துதான் பிள்ளைகள் தெருவுக்கு வருகின்றனர் என்றார் சார்லட்.

அதே உரையில் ஒரு மூதாட்டியைப் பற்றியும் சொன்னார். துன்பம் பல கண்ட அவர், வெள்ளையர்க்கு வசதியான வாழ்வைக் கொடுத்த கடவுளும் தம் மக்களைத் துயரில் விட்ட கடவுளும் ஒருவராக இருக்க முடியாது என்று உறுதியாக நம்பினார். சபையின் ஊழியரான சார்லட்டால் அவர் மனத்தை மாற்ற முடியவில்லை. அதை மறைக்காமல் மேடையில் கூறியது அவருடைய நேர்மை.

ஈராண்டுகள் கழித்து, 1932 நவம்பரில், அண்ணல் அம்பேத்கர் தீண்டாமை எதிர்ப்புக் கழகத்தின் செயலாளர் தக்கருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். ஒடுக்கப்பட்டவனின் இழிநிலைக்கு அவனுடைய குணமே காரணம் என்று கருதுவோர் மதுவிலக்கும் நூலகமும் உடற்பயிற்சிக் கூடமும் தருவார்கள். சூழலே காரணம் என்று கருதுவோர் குடியுரிமைக்குப் போராடுவார்கள். கழகம் இரண்டாவது வழியைத் தேர வேண்டும் என்பது அவர் வாதம். கழகம் தேரவில்லை. ஃபோர்ட் ஹேரில் பேசிய சார்லட்டை அம்பேத்கர் அறிந்திருந்ததற்குச் சான்று எதுவும் நாம் காணவில்லை. கீழே நின்று பார்க்கிறவர்களுக்கு ஒரே காட்சி தெரிகிறது என்று மட்டும் கொள்வோம்.

எனினும் சார்லட்டை அப்பழுக்கற்ற போராளியாக வரைவது நம் நோக்கமன்று. பாஸ் சட்டத்தை எதிர்த்தவர் அச்சட்டத்தை இயக்கிய அரசிடமே ஊதியம் பெற்றார். வெள்ளை மிதவாதிகளோடு இணைந்து குழுக்களில் அமர்ந்தார். ஃபோர்ட் ஹேர் உரையிலும் வெள்ளைப் பெண்களின் நட்பையும் ஒத்துழைப்பையுமே வேண்டினார். தீவிரமானோர்க்கு இது போதாததாகத் தோன்றியிருக்கும். நமக்கும் சில இடங்களில் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் நாளை காலை நீதிபதி முன் நிற்கப்போகும் பன்னிரண்டு வயதுச் சிறுவனுக்குச் சட்டம் மாறும்வரை காத்திருக்க நேரமில்லை. அவனை இன்று மீட்க வேண்டும், அவனைப் பிடித்துவந்த விதியை நாளை உடைக்க வேண்டும். இரண்டு வேலைகளையும் ஒரே ஆள் செய்யும்போது கை கொஞ்சம் கறைபடத்தான் செய்யும். வெளியிலிருந்து வந்த புரவலர்களுக்கு முதல் வேலையோடு கடமை முடிந்தது. சார்லட்டுக்கு முடியவில்லை.

1928இல் கணவர் மறைந்தார். 1930இல் அல்ஃபிரட் சூமா அவருடைய வாழ்க்கையைச் சிறுநூலாக எழுதினார். டு பாய்ஸ் முன்னுரை தந்தார். 1937இல் ஆப்பிரிக்க மகளிர் தேசிய மன்றத்தின் தலைவரானார். 1939 அக்டோபர் 16 அன்று ஜோகன்னஸ்பர்க்கில் காலமானார். அவர் இறந்து நான்கு ஆண்டுகள் கழித்தே காங்கிரஸ் பெண்களுக்கு முழு உறுப்பினர் உரிமை வழங்கியது. 1950களில் அரசு மீண்டும் பெண்கள் கையில் பாஸைத் திணித்தது. 1956 ஆகஸ்ட் 9 அன்று ஏறத்தாழ 20,000 பெண்கள் பிரிட்டோரியாவில் அரசு மாளிகையை நோக்கி நடந்தனர். பாஸ் சட்டங்கள் 1986இல்தான் நீங்கின.

2008இல் ஜோகன்னஸ்பர்க்கின் பெரிய அரசு மருத்துவமனை அவர் பெயரைப் பெற்றது. அதற்கு முன்பே, நாடு கடந்து வாழ்ந்த விடுதலை இயக்கத்தினர் தான்சானியாவின் மசிம்புவில் தம் பிள்ளைகளுக்காகப் பள்ளியும் குடியிருப்பும் கட்டியிருந்தனர். பல நாடுகளின் ஆதரவாளர்கள் அதற்குப் பணம் அனுப்பினர். பொறுப்பை இயக்கமே வைத்துக்கொண்டது. அங்கே கைக்குழந்தைகளும் சிறு பிள்ளைகளும் வளர்ந்த குழந்தைகள் மையத்துக்குச் சார்லட் மக்சேக்கே என்று பெயரிட்டிருந்தனர்.