தாவரவியல் அறிஞர் ஜானகி அம்மாள்

அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த தலச்சேரியில் 1897ஆம் ஆண்டு பிறந்தவர் ஜானகி அம்மாள். சென்னை இராணி மேரி கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்றார். பெண்கள் கல்லூரி வாயிலை மிதிப்பதே அரிதாயிருந்த காலத்தில், அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931இல் முனைவர் பட்டம் பெற்றார். பின்னர்க் கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில், கரும்பை மக்காச்சோளம் முதலிய புல்லினங்களோடு கலந்து புதிய கலப்பினங்களை உருவாக்கினார்.

தாவரத்தின் உயிரணுவினுள் நூலிழை போன்ற குரோமோசோம்கள் உள்ளன. அவற்றை நுண்ணோக்கியின் வழியே எண்ணுவது அவரது பணி. எளிய வேலையன்று, வேர்நுனியைச் சாயமேற்றிப் பொறுமையுடன் உற்று நோக்க வேண்டும். இங்கிலாந்தில் பணியாற்றியபோது, டார்லிங்டன் என்னும் அறிஞருடன் இணைந்து, பயிரிடப்படும் தாவரங்களின் குரோமோசோம் எண்ணிக்கையைத் தொகுத்து 1945இல் நூலாக வெளியிட்டார். அங்கு அவர் ஆராய்ந்த மக்னோலியா மரங்களுள் வெண்மலர் பூக்கும் ஒருவகை இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது.

இந்த எண்ணிக்கை காட்டின் வரலாற்றையும் கூறும் என்பதை இமயமலைத் தாவரங்களைக் கொண்டு விளக்கினார். வடமேற்கு இமயம் குளிரும் வறட்சியும் உடையது. வடகிழக்கு இமயமோ குளிரோடு ஈரமும் மிக்கது. அகன்ற இலைகளையுடைய பசுமைமாறாக் காடுகள் அங்குச் செழித்துள்ளன. தாவர இனங்களும் அங்கேதான் மிகுதி. காரணம் என்ன? சில தாவரங்களில் குரோமோசோம் தொகுதி முழுவதும் இருமடங்காகவோ அதற்கு மேலாகவோ பெருகிவிடும். இதனைப் பன்மடியம் என்பர். அவ்வாறு பெருகிய செடி தன் தாயினத்தோடு எளிதில் கலவாமல், காலப்போக்கில் தனியினமாகும். ஈரம் மிக்க வடகிழக்கில் இம்மாற்றம் மிகுதி எனக் கண்டார் அம்மாள். சீனத் தாவரங்களும் மலேயத் தாவரங்களும் இந்தியத் தாவரங்களோடு கூடும் இடமும் அதுவே. அதனால் இயற்கைக் கலப்பும் அங்கு நிகழ்ந்தது என்றார்.

பிரதமர் நேருவின் அழைப்பை ஏற்று 1951இல் தாயகம் திரும்பி, இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தைச் சீரமைத்தார்.

1970களில் கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில், குந்திப்புழை ஆற்றின் குறுக்கே மின்சாரத்திற்காக அணை கட்ட முனைந்தனர். மின்சாரமும் தேவைதான். ஆயினும் மழைக்காடு நீரில் மூழ்கினால், எவரும் எண்ணிப் பாராத மரங்களும் உடன் மூழ்கும் அன்றோ! எண்பது வயதை எட்டிய அம்மாள் அத்திட்டத்தை எதிர்த்தார். அக்காட்டு மரங்களின் குரோமோசோம்களை ஆராயும் பணியையும் மேற்கொண்டார்.

1983இல் அணைத்திட்டம் கைவிடப்பட்டது. சென்னையை அடுத்த மதுரவாயல் ஆய்வுக்கூடத்தில் இறுதிவரை உழைத்த ஜானகி அம்மாள் 1984 பிப்ரவரியில் மறைந்தார். அவ்வாண்டு நவம்பரில் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.